டெக்சாஸ்ல 65 தாண்டினவங்க வீட்டு வரியைத் தள்ளிப் போடலாமா? திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

அக்டோபர் கடைசில வீட்டு வரி பில் வர ஆரம்பிச்சதுன்னா ஜனவரி முடியிற வரைக்கும் எனக்கு போன் ஓயாது. ஹூஸ்டன் பக்கம் கேட்டில இருக்கிற எங்க அப்பாவுக்கு டெஃபரல் பேப்பர், அதாவது வீட்டு வரியைத் தள்ளிப் போடற பேப்பர், போட்டுக் குடுத்தது நான்தான், அந்தச் சேதி எப்படியோ பரவி இப்ப பேர்லேண்ட் மீனாட்சி கோயில்ல பிரசாத வரிசையில நின்னாக்கூட யாராவது தோளைத் தட்டி "அந்த டாக்ஸ் விஷயம்..."னு ஆரம்பிச்சிடறாங்க. கேக்கறது எல்லாம் அதே இருபத்துச் சொச்சம் கேள்விதான், அதனால அவங்க கேட்ட மாதிரியே இங்க எழுதிப் போட்டுட்டேன். நான் வக்கீலும் இல்ல, சி.பி.ஏ.வும் இல்ல, சட்டத்தையும் ஃபாரத்தையும் உக்காந்து படிச்சவ, அவ்வளவுதான். எல்லாம் டெக்சாஸுக்கு மட்டும், வேற ஸ்டேட்ல விதி வேற.

டெஃபரல்னா என்னங்க, வரியே கட்ட வேணாம்னு தள்ளுபடி பண்றாங்களா?

இல்லவே இல்ல. முதல்ல இதை மனசுல நல்லா ஏத்திக்குங்க, ஏன்னா பாதிப் பேர் இங்கதான் தப்பா புரிஞ்சுக்கறாங்க. வரி வருஷா வருஷம் போட்டுக்கிட்டேதான் இருப்பாங்க, உங்க கணக்குல ஏறிக்கிட்டேதான் இருக்கும். நீங்க அந்த வீட்டுக்குச் சொந்தக்காரரா அதுல குடியிருக்கிற வரைக்கும் அதை வசூல் பண்ண கேஸ் போட மாட்டாங்க, வீட்டை ஏலம் விட மாட்டாங்க, அவ்வளவுதான் சலுகை.

அந்தப் பணம் வீட்டு மேல கடனா உக்காந்திருக்கும், அதை லீன்னு சொல்றாங்க. வட்டியும் ஓடும். வீட்டை வித்தாலோ, வேற இடத்துக்குக் குடி போனாலோ, நீங்க காலமாயிட்டாலோ அதுக்கப்புறம் மொத்தமா கணக்கு தீர்க்கணும். டெக்சாஸ் டாக்ஸ் கோட்ல 33.06னு ஒரு பிரிவு, அதுதான் இதுக்கெல்லாம் அடிப்படை. கவுன்ட்டர்ல "டெஃபரல்"னு சொன்னா புரியலன்னு முழிச்சாங்கன்னா இந்த நம்பரைச் சொல்லுங்க.

யாருக்குக் கிடைக்கும்? வருமானம் இவ்வளவுக்குள்ள இருக்கணும்னு ஏதாவது உண்டா?

வருமான வரம்பே கிடையாது, இதுதான் டெக்சாஸோட விசேஷம். கலிஃபோர்னியால இதே மாதிரி திட்டத்துக்கு வருமானக் கணக்கு கேக்கறாங்க, இங்க அது இல்ல. 65 முடிஞ்சிருக்கணும், வீடு உங்க பேர்ல இருக்கணும், அதையே உங்க ஹோம்ஸ்டெடா (நிலையா குடியிருக்கிற சொந்த வீடா) வச்சு அதுலயே குடியிருக்கணும், அவ்வளவுதான். ஊர்ல பென்ஷன் வருது, மாம்பலத்து ஃப்ளாட்டுக்கு வாடகை வருது, அதைக் காட்டணுமான்னு ஒரு மாமா தயங்கித் தயங்கிக் கேட்டார். இந்த ஃபாரத்துல வருமானம்னு ஒரு கட்டமே இல்ல. (இன்கம் டாக்ஸ்ல காட்டறது தனிக் கதை, அதை இதோட போட்டுக் குழப்பிக்காதீங்க.)

65 ஆகாதவங்கள்லயும் சட்டம் சொல்ற மாதிரி உடல் ஊனம் உள்ளவங்களுக்கும், ஊனமுற்ற முன்னாள் ராணுவத்தினருக்கும் இதே உரிமை உண்டு.

நான்தான் ஏற்கனவே 65 எக்ஸெம்ப்ஷன் வாங்கிட்டேனே, அதுவும் இதுவும் ஒண்ணுதானே?

வேற வேற. எக்ஸெம்ப்ஷன்ங்கிறது நிஜமாவே வரியைக் குறைக்கிறது, திருப்பிக் கட்ட வேண்டியதில்ல. அதனால டெஃபரல் பத்தி யார் கேட்டாலும் நான் முதல்ல கேக்கற எதிர்க்கேள்வி, "எக்ஸெம்ப்ஷன் போட்டாச்சா?"ன்னுதான். எத்தனையோ பேர் போடலைங்க! 65 ஆகி மூணு வருஷம் ஆச்சு, இன்னும் சாதா ஹோம்ஸ்டெட் மட்டும்தான் இருக்கு, அப்படி வந்தவங்களை நானே பாத்திருக்கேன்.

2025 நவம்பர்ல மக்கள் ஓட்டு போட்டு ரெண்டு மாத்தம் வந்துச்சு, 2025 வரிலேர்ந்தே அது சேரும். ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் வரிக்கு எல்லா ஹோம்ஸ்டெடுக்கும் 1,40,000 டாலர் கழிவு, 65 தாண்டினவங்களுக்கு அதுக்கு மேல இன்னொரு 60,000. ஆக ரெண்டும் சேர்த்து 2,00,000. வீட்டு மதிப்பு 3,50,000னா ஸ்கூல் வரி 1,50,000க்குத்தான். ஸ்கூல் வரிதான் பில்லுலயே பெருசுங்கிறதால இது சின்ன விஷயம் இல்ல. அதோட 65 எக்ஸெம்ப்ஷன் வந்ததும் ஸ்கூல் வரிக்கு ஒரு உச்சவரம்பு விழும், வீட்டை இழுத்துக் கட்டினாலொழிய அந்தத் தொகையைத் தாண்டாது. இதெல்லாம் வாங்கினப்புறமும் கட்ட முடியலன்னாத்தான் டெஃபரல் பக்கம் போகணும்ங்கிறது என் கருத்து.

பேப்பரை எங்க குடுக்கணும்? டாக்ஸ் ஆபீஸ்லதானே?

இல்லைங்க, உங்க கவுன்ட்டியோட (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்ல. வீட்டுக்கு மதிப்பு போடற ஆபீஸ் அது. டாக்ஸ் ஆபீஸ் பணம் வாங்கற இடம், அங்க போய் நின்னா கைகாட்டி அனுப்பிடுவாங்க. ஃபாரம் நம்பர் 50-126, ஒரு அஃபிடவிட், அதாவது சத்தியப் பத்திரம் மாதிரி. நோட்டரி முன்னாடிதான் கையெழுத்து போடணும், வீட்லயே போட்டு எடுத்துட்டுப் போகாதீங்க. அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்ல இதுக்கு ஃபீஸ் எதுவும் இல்ல, மத்த எல்லா வரி அமைப்புக்கும் அவங்களே தகவல் சொல்லிடுவாங்க.

எங்க அப்பா விஷயத்துல நடந்ததைச் சொல்றேன். அப்பா ஃபாரத்தை ஞாயித்துக்கிழமையே டைனிங் டேபிள்ல உக்காந்து, பேனா மூடியைக் கடிச்சுக்கிட்டே, கொட்டை எழுத்துல நிரப்பி, கையெழுத்தும் போட்டு வச்சிட்டார். திங்கக்கிழமை நோட்டரி அதைப் பாத்துட்டு "என் கண்ணு முன்னாடி போடாத கையெழுத்துக்கு நான் முத்திரை வைக்க மாட்டேன்"னுட்டார், புதுசா பிரின்ட் எடுத்து மறுபடி நிரப்பினோம். அடுத்து லைசென்ஸ்ல பழைய பிளேனோ அட்ரஸ். ஹோம்ஸ்டெட் எக்ஸெம்ப்ஷனுக்கு லைசென்ஸ் அட்ரஸும் வீட்டு அட்ரஸும் ஒண்ணா இருக்கணும், அவர் இடம் மாறினப்புறம் அதையே மாத்தலைங்கிறது அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ஒரு நாள் வேலை மூணு வாரம் ஆச்சு.

வருஷா வருஷம் போடணுமா?

வேணாம், ஒரு தடவை போட்டா போதும். தகுதி இருக்கிற வரைக்கும் நிக்கும். வேற வீடு வாங்கிப் போனா அங்க புதுசா போடணும், பழைய வீட்டுக் கணக்கைத் தீர்த்துட்டு.

வட்டி எவ்வளவு ஆகும்? ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்களேன்

வருஷத்துக்கு 5%. முன்னாடி 8% இருந்துச்சு, 2017ல குறைச்சாங்க. இது தனி வட்டி, வட்டிக்கு வட்டி இல்ல.

வருஷ வரி 6,000 டாலர்னு வச்சுக்குங்க, அது ஏறவே இல்லன்னும் வச்சுக்குங்க. பத்து வருஷ பில்லைத் தள்ளிப் போட்டா அசல் 60,000. ஒரு பில்லுக்கு ஒரு வருஷ வட்டி 300. முதல் பில் பத்து வருஷம் நின்னிருக்கும், அடுத்தது ஒம்போது வருஷம், அப்படியே குறைஞ்சு கடைசி பில் ஒரே ஒரு வருஷம். பத்துலேர்ந்து ஒண்ணு வரைக்கும் கூட்டினா 55, அதை 300 ஆல பெருக்கினா 16,500. ஆக பத்து வருஷம் கழிச்சு வீட்டு மேல 76,500 நிக்கும். பெரிய தொகைதான், ஆனா வீடு 3,50,000 பெறும்னா அதுல அஞ்சுல ஒரு பங்கை விடக் கொஞ்சம் கூட. இந்தக் கணக்கை எங்க வீட்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாத்தப்புறம்தான் நாங்க முடிவே எடுத்தோம்.

டெஃபரல்லாம் போடாம சும்மா கட்டாம விட்டா என்ன பண்ணிடுவாங்க?

இதைக் கேட்டவர் சிரிச்சுக்கிட்டேதான் கேட்டார், ஆனா இது சிரிக்கிற விஷயம் இல்ல. ஜனவரி 31க்குள்ள கட்டணும், பிப்ரவரி 1 வந்தா அது பாக்கி. அன்னைக்கே அபராதம் 6%, வட்டி 1%, ஆக 7%. மாசாமாசம் ஏறும். ஜூலை 1 வந்ததும் அபராதம் 12%, வட்டி 6%, மொத்தம் 18%. அதுக்கு மேல வசூல் பண்ற வக்கீலுக்குன்னு 20% வரைக்கும் சேர்க்கலாம்.

அதே 6,000 டாலர் பில்லைப் பாருங்க. ஜூலைல 7,080 ஆயிடும், அதுக்கு மேல 20% போட்டா 8,496. ஒரே வருஷத்துல, அதுவும் பாதி வருஷத்துல! டெஃபரல் போட்டிருந்தா முழு வருஷத்துக்கே 300தான். டெஃபரல் இருக்கிற காலத்துல அந்த அபராதம் விழாது.

ஸ்கூல், கவுன்ட்டி, சிட்டி, மட் டாக்ஸ் எல்லாத்துக்கும் சேர்த்தா? எச்.ஓ.ஏ.?

வீட்டு மதிப்பு வச்சுப் போடற வரி எல்லாத்துக்கும் உண்டு. மட் டாக்ஸ் (தண்ணி, சாக்கடை வசதிக்குப் போடற வரி) பில் சில ஊர்ல தனிக் கவர்ல வேற இடத்துலேர்ந்து வரும், அதைப் பாத்துட்டு இது வேறன்னு நினைச்சுக்காதீங்க, அதுவும் வரிதான், அதுக்கும் சேரும். எச்.ஓ.ஏ. வரி இல்ல, அது குடியிருப்புல இருக்கிற வீட்டுக்காரங்க சங்கத்துச் சந்தா. அதைத் தள்ளிப் போட்டா அவங்க பாட்டுக்கு லெட்டர் அனுப்புவாங்க. வீட்டு இன்ஷூரன்ஸும் நீங்கதான் கட்டணும்.

எல்லாம் போட்டாச்சு, அப்புறமும் ஏன் "பாக்கி"ன்னு நோட்டீஸ் வருது? எங்க மாமனாருக்கு பி.பி. ஏறிடுச்சு

எங்க அப்பாவுக்கும் ஏறுச்சு. பில் வருஷா வருஷம் வரத்தான் செய்யும், பழைய தொகையெல்லாம் பாக்கின்னு போட்டுதான் வரும், ஏன்னா கட்டலைங்கிறது உண்மைதானே. டெஃபரல் பாக்கியை மறைக்கிறது இல்ல, வசூலைத்தான் நிறுத்துது. பில்லுலயோ ஆன்லைன் கணக்குலயோ டெஃபரல்னு குறிப்பு இருக்கான்னு பாருங்க, இல்லன்னா அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்டுக்கு போன் போட்டு சரி பாத்துக்குங்க. அஃபிடவிட் குடுத்தன்னைக்கே தேதி முத்திரையோட ஒரு நகல் கேட்டு வாங்கி வச்சுக்கிறது நல்லது.

மனசுக் கஷ்டம் வேற விஷயம். முப்பத்தஞ்சு வருஷம் பேங்க்ல வேலை பாத்தவர் எங்க அப்பா, "வரி பாக்கி வச்சவன்னு என் பேருக்கு நேரா அச்சடிச்சு வருதே"ன்னு ரெண்டு நாள் சரியா சாப்பிடல. அரசாங்கமே எழுதி வச்ச உரிமைப்பா இதுன்னு சொல்லிச் சொல்லித்தான் தேத்தினோம். இப்பல்லாம் அந்தக் கவரைப் பிரிக்காமயே என்கிட்ட நீட்டிடறார்.

வீட்டுக் கடன் இன்னும் எட்டு வருஷம் இருக்கு, போடலாமா?

இங்கதான் நிறையப் பேர் இடறி விழறாங்க. சட்டம் உங்களுக்கும் வரி ஆபீஸுக்கும் நடுவுல. கடன் குடுத்தவங்களுக்கும் உங்களுக்கும் நடுவுல இருக்கிறது நீங்க கையெழுத்து போட்ட பத்திரம், அதுல வரியை ஒழுங்கா கட்டுவேன்னு எழுதிக் குடுத்திருப்பீங்க. வரி லீன் அவங்க கடனுக்கு முன்னாடி போய் உக்காரும்ங்கிறதால அவங்களுக்கு அது ஆகாது. மாசத் தவணையோட எஸ்க்ரோல (வரிக்குன்னு கடன் குடுத்தவங்க எடுத்து வைக்கிற கணக்குல) வரிப் பணம் போகுதுன்னா அவங்க பாட்டுக்குக் கட்டிட்டு உங்ககிட்ட வாங்கிக்குவாங்க, டெஃபரல் போட்டும் பிரயோஜனம் இல்ல. எஸ்க்ரோ இல்லன்னாலும் கடன் குடுத்தவங்ககிட்ட எழுத்துல கேட்டுட்டு அப்புறம் போடுங்க. என்னைக் கேட்டா, கடன் முடிஞ்ச வீட்டுக்குத்தான் இது பொருந்தும்.

ரிவர்ஸ் மார்ட்கேஜ் வாங்கியிருக்கோம், அதுல மாசத் தவணையே இல்லையே?

ரிவர்ஸ் மார்ட்கேஜ்னா வயசானவங்க வீட்டை வச்சு வாங்கற கடன். தவணை இல்ல, ஆனா வரியும் இன்ஷூரன்ஸும் நீங்க கட்டணும்ங்கிறது அதுல முக்கியமான நிபந்தனை. கட்டாம விட்டா மொத்தக் கடனையும் திருப்பிக் கேக்க அது ஒரு காரணமாயிடும். அவங்ககிட்ட பேசாம தொடாதீங்க.

நடுவுல கையில கொஞ்சம் பணம் வந்தா கட்டலாமா?

தாராளமா. முழுசா கட்டி முடிக்கலாம், ஒரு வருஷத்து பில்லை மட்டும் கட்டலாம். பகுதித் தொகை குடுக்கறதா இருந்தா டாக்ஸ் ஆபீஸ்ல முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுக்குங்க, எந்த வருஷத்துக் கணக்குல வரவு வைக்கறாங்கன்னும் ரசீதுல பாருங்க.

தள்ளிப் போடவும் மனசில்ல, ஒரே அடியா கட்டவும் கையில இல்ல. நடுவுல ஏதாவது வழி?

இருக்கு, இதைப் பத்தித்தான் யாருமே கேக்க மாட்டேங்கறாங்க! 65 தாண்டினவங்க ஹோம்ஸ்டெட் வரியை நாலு சமத் தவணையா, அபராதம் வட்டி எதுவும் இல்லாம கட்டலாம். முதல் தவணை பிப்ரவரி 1க்கு முன்னாடி, தவணைல கட்டறேன்னு சொல்லிக் கட்டணும். மீதி மூணும் ஏப்ரல் 1, ஜூன் 1, ஆகஸ்ட் 1 இந்தத் தேதிகளுக்கு முன்னாடி. 6,000 டாலர்னா தடவைக்கு 1,500. சென்னைல அரையாண்டு அரையாண்டா வீட்டு வரி கட்டிப் பழகினவங்களுக்கு இது ரொம்ப ஒத்துப் போகுது. என்கிட்ட டெஃபரல் கேட்டு வந்த நாலஞ்சு பேர் இதைக் கேட்டதும் அப்படியே இதுக்கு மாறிட்டாங்க.

வீடு பையன் பேர்ல இருக்கு, நாங்கதான் அவனோட இருக்கோம். எங்க வயசை வச்சுப் போட முடியுமா?

முடியாது. வயசும் சொந்தமும் குடியிருப்பும் ஒரே ஆள்கிட்ட இருக்கணும். அப்ப வீட்டை அப்பா பேருக்கு மாத்திடலாமேன்னு உடனே ஒரு யோசனை வரும், வக்கீலைப் பாக்காம அதைச் செய்யாதீங்க. பையனோட லோன், பையனோட எக்ஸெம்ப்ஷன், நாளைக்கு மத்த பிள்ளைங்களோட பங்குன்னு ஒரு நூலை இழுத்தா பத்து நூல் வரும்.

தலைகீழாவும் ஒரு ஆபத்து இருக்கு. டெஃபரல் ஓடிக்கிட்டிருக்கிற வீட்டைப் பாசத்துல பிள்ளை பேருக்கு எழுதி வச்சீங்கன்னா அன்னையோட உங்க சொந்தம் போச்சு, டெஃபரலும் போச்சு, கீழ சொல்ற அந்த 180 நாள் கெடு ஓட ஆரம்பிச்சிடும். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேர்லயும் இருந்து ஒருத்தருக்குத்தான் 65 ஆச்சுன்னா அதுல சிக்கல் இல்ல, அந்த ஒருத்தர் போடலாம்.

வருஷத்துல ஆறு மாசம் கோயமுத்தூர்ல இருக்கோம். குடியிருக்கலன்னு சொல்லிடுவாங்களா?

ஆறு மாசம்ங்கிறதால மட்டும் ஹோம்ஸ்டெட் போயிடாது. தற்காலிகமா வீட்டை விட்டு இருந்தாலும், ரெண்டு வருஷத்துக்குள்ள, திரும்பி வர்ற எண்ணத்தோட, வேற இடத்தை நிலையான வீடா ஆக்கிக்காம இருந்தா ஹோம்ஸ்டெட் அந்தஸ்து நிக்கும்னு சட்டமே சொல்லுது. உடம்பு முடியாம முதியோர் பராமரிப்பு இடத்துல போய் இருக்கறவங்களுக்கு அந்த ரெண்டு வருஷக் கெடுவும் இல்ல. ஆனா ஊருக்குப் போறப்ப வீடு சும்மாதானே கிடக்குன்னு முழு வீட்டையும் வாடகைக்கு விட்டுட்டுப் போறீங்க பாருங்க, அது வம்பு.

அப்பா பேர்ல டெஃபரல் இருக்கு, அவர் போயிட்டா அம்மா வீட்டைக் காலி பண்ணணுமா?

வேண்டியதில்ல. அப்பா இறந்த அன்னைக்கு அம்மாவுக்கு 55 முடிஞ்சிருக்கணும், அந்த வீடு அப்பவே அம்மாவோட குடியிருப்பா இருக்கணும், தொடர்ந்து அவங்க சொந்தமா அங்கயே இருக்கணும். அப்படின்னா டெஃபரல் அம்மா காலம் வரைக்கும் தொடரும்.

"சொந்தமா"ங்கிற வார்த்தையைக் கவனிங்க. வீடு அப்பா பேர்ல மட்டும் இருந்து, அவர் உயில்ல வீட்டைப் பிள்ளைங்களுக்குன்னு எழுதி வச்சிருந்தா என்ன ஆகும்? அம்மா குடியிருப்பாங்க, ஆனா சொந்தக்காரங்களா இல்லையாங்கிறது ஒரு கேள்வியா வந்து நிக்கும். டெஃபரல் போடற அன்னைக்கே பத்திரத்துல யார் பேர் இருக்கு, உயில் என்ன சொல்லுது, ரெண்டையும் எடுத்துப் பாத்துடுங்க. இதுக்கு மட்டும் வக்கீலுக்குக் காசு குடுத்தாலும் தப்பில்ல.

ரெண்டு பேரும் போனப்புறம் பிள்ளைங்க எவ்வளவு நாள்ல கட்டணும்?

180 நாள். 181வது நாள்லேர்ந்து வசூலுக்குக் கேஸ் போடலாம், முன்னாடி சொன்னேனே அந்த 20% வக்கீல் செலவு, அதுவும் அப்ப சேர்க்கலாம். ஆறு மாசம்னா நிறைய மாதிரி தெரியும். காரியம் முடிஞ்சு, ஆளுக்கொரு ஊர்ல இருக்கிற பிள்ளைங்க லீவு போட்டு வந்து, வீட்டைக் காலி பண்ணி, கோர்ட்ல உயில் வேலை முடிச்சு, வாங்கற ஆளைத் தேடி விக்கறதுக்குள்ள ஆறு மாசம் பறந்துடும். வித்தா பிரச்சனை இல்ல, க்ளோசிங்ல, அதாவது வீடு கை மாறற அன்னைக்கு, பத்திர வேலை பாக்கற டைட்டில் கம்பெனியே வரிப் பாக்கியைப் பிடிச்சுக்கிட்டு மீதியைக் குடுக்கும். வீட்டை வச்சுக்கணும்னு நினைக்கிற பிள்ளைக்குத்தான் கஷ்டம், கையிலேர்ந்து மொத்தமா கட்டணும்.

ஏற்கனவே மூணு வருஷ பாக்கி, கேஸே போட்டாச்சு. இனிமே போட்டு என்ன பிரயோஜனம்?

பிரயோஜனம் உண்டு. கேஸ் நடக்கிற கோர்ட்லயே அஃபிடவிட் குடுத்து கேஸை நிறுத்தி வைக்கலாம். தீர்ப்பு ஆகி ஏலத் தேதி குறிச்சிருந்தாக்கூட நிறுத்த வழி இருக்கு, ஆனா அதுக்கு நாள் கணக்கு ரொம்ப இறுக்கம், அன்னைக்கே ஓடணும். அதுவரைக்கும் ஏறின அபராதம், வட்டி அப்படியே நிக்கும், அது குறையாது. அன்னைலேர்ந்து மட்டும் 5%.

வரி கட்ட லோன் தர்றோம்னு தபால்ல விளம்பரமா வருது, அது இதை விட நல்லதா?

65 தாண்டினவங்களுக்கு அதுல என்ன லாபம்னு எனக்குப் புரியவே இல்ல. தனியார் கம்பெனி உங்க வரியைக் கட்டிட்டு அந்த லீனைத் தன் பேருக்கு மாத்திக்கும், சட்டப்படி வருஷத்துக்கு 18% வரைக்கும் வட்டி வாங்கலாம். உங்களுக்கு 5%ல அரசாங்கத்துக்கிட்டயே வழி இருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆன்ட்டி, கவர்ல கவுன்ட்டி சீல் மாதிரி ஏதோ இருந்துச்சுன்னு நம்பி போன் பண்ணி, பாதி விவரம் குடுத்துட்டு அப்புறம்தான் என்கிட்ட வந்தாங்க. நல்லவேளை, கையெழுத்து எதுவும் போடல.

5% வட்டிக்குத் தள்ளிப் போட்டுட்டு அந்தப் பணத்தை ஊர்ல என்.ஆர்.இ. எஃப்.டி.ல (வெளிநாட்ல இருக்கிற இந்தியர்களுக்கான பேங்க் டெபாசிட்ல) போட்டா லாபம்தானே?

கணக்குல புலிங்க நம்ம ஆளுங்க! சட்டம் தடுக்கல. ஆனா பாருங்க, இந்தியால அந்த வட்டிக்கு வரி இல்லன்னாலும் இங்க அமெரிக்கால வரி உண்டு, வெளிநாட்டுக் கணக்கெல்லாம் சேர்த்து 10,000 டாலர் தாண்டினா எஃப்பார்ங்கிற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையைத் தாக்கல் பண்ணணும். திருப்பி டாலரா கொண்டு வர்றப்ப ரூபாய் இறங்கியிருந்தா லாபம் எங்க போச்சுன்னே தெரியாது. கட்ட வசதி இருக்கறவங்க கட்டிடுங்க. 72 வயசுல இந்த விளையாட்டு எதுக்கு?

தள்ளிப் போட்ட வரியை இன்கம் டாக்ஸ்ல கழிச்சுக்கலாமா?

கட்டின வருஷத்துலதான் கழிக்கலாம். தள்ளிப் போட்டது கட்டினது ஆகாது. ஸ்டான்டர்ட் டிடக்ஷன் (செலவைத் தனித்தனியா காட்டாம மொத்தமா கழிக்கிற தொகை) எடுக்கறவங்களுக்கு இந்தக் கேள்வியே இல்ல.

கிரெடிட் ஸ்கோர் போயிடுமா?

வரி லீனை கிரெடிட் ரிப்போர்ட்ல காட்டறதை 2018லயே மூணு பெரிய கம்பெனியும் நிறுத்திட்டாங்க. ஆனா வீட்டை வச்சு புதுசா லோன் வாங்கவோ ரீஃபைனான்ஸ் பண்ணவோ போனா வரி பாக்கியைத் தீர்த்துட்டு வாங்கன்னுதான் சொல்வாங்க.

எனக்கு 58தான் ஆகுது, எனக்கு ஒண்ணும் இல்லையா?

இருக்கு, ஆனா சின்னது. 33.065னு இன்னொரு பிரிவு. உங்க ஹோம்ஸ்டெட் மதிப்பு போன வருஷத்தை விட 5%க்கு மேல ஏறிடுச்சுன்னா, அப்படி ஏறின அந்த அதிகப்படி மதிப்புக்கான வரியை மட்டும் தள்ளிப் போடலாம். மீதியை நேரத்துக்குக் கட்டியே ஆகணும். அதை விட மே 15க்குள்ள மதிப்பை எதிர்த்து ப்ரொட்டெஸ்ட் போடறதுல நேரத்தைச் செலவழிங்க.

பிள்ளைங்ககிட்ட சொல்லாம போடலாமா? சொன்னா "நாங்க கட்டறோம்"னு சண்டைக்கு வருவாங்க

ஃபாரத்துல பிள்ளைங்க கையெழுத்துக்கு இடமே இல்ல, யாரையும் கேக்க வேண்டியதில்ல. ஒரு மாமி இப்படித்தான் கமுக்கமா போட்டுட்டு வந்து எனக்கு மட்டும் சொன்னாங்க. "அவன் காலேஜ் ஃபீஸ் கட்டிக்கிட்டிருக்கான், அவன்கிட்ட மாசாமாசம் கை நீட்டறதை விட என் வீடு எனக்குச் சோறு போடட்டும்"னாங்க. எனக்கு அதுல தப்பே தெரியல, அவங்க உழைச்சு வாங்கின வீடு.

ஆனா அந்த 180 நாள் கணக்கு இருக்கே, அது தெரியாத பிள்ளைக்கு நோட்டீஸ் வர்றது அம்மா இல்லாத வீட்டுத் தபால் பெட்டிக்கு, அதை யார் பிரிப்பா? அதனால மாமிகிட்ட ஒண்ணு மட்டும் கேட்டேன்: இப்ப சொல்ல வேணாம், சரி, தேதி முத்திரை போட்ட நகலை ஒரு கவர்ல போட்டு, மேல வீட்டு அட்ரஸும் "வரி பாக்கி இருக்கு, ஆறு மாசக் கெடு"ன்னும் எழுதி, நகைப் பெட்டியோட பேங்க் லாக்கர்ல வைங்க. நகையைத் தேடி எப்படியும் வருவாங்கன்னு சொல்லிட்டு அவங்களே சிரிச்சாங்க. போன மாசம் வச்சாச்சாம்.